ஐந்தாவது மகரந்தத்தாள்

1994 நவம்பர் 11, வெள்ளி

குழந்தைகள் தின விழாவுக்குப் பேனர் எழுதி முடித்தேன். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து, ஓரத்தில் ரோஜா. ஹெட்மாஸ்டர் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்துவிட்டு, “எழுத்து நல்லா தெரியுது” என்றார். தெரிவதற்குத்தான் எழுதியது. இத்தனை வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் என் கலைக்குக் கிடைத்துவரும் பாராட்டு ஏறக்குறைய இவ்வளவுதான்.

மத்தியானம் ஒன்பதாம் வகுப்புக்கு ஓவியப் பீரியட். வழக்கம்போல் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டார். கேட்டு வாங்குவதுகூடக் கிடையாது. “மாஸ்டர், உங்க பீரியட்ல நான் இருக்கேன்” என்று தகவல் சொல்லிவிட்டுப் போனார். எனக்கொன்றும் நஷ்டமில்லை என்று சொல்லிக்கொண்டு, பிளஸ் டூ பிள்ளைகளின் தாவரவியல் ரெக்கார்டு நோட்டுகளில் செம்பருத்திப் பூ போட்டுக்கொடுத்தேன். பிள்ளைகள் வரைய வேண்டிய படம். வரைய வராததுகள் என்னிடம் கொண்டுவந்து நீட்டும். செம்பருத்தியை நான் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். கடைசியாக நிஜச் செம்பருத்தி ஒன்றை உற்றுப் பார்த்தது எப்போது என்று தெரியாது.

நவம்பர் 14, திங்கள்

இன்றைக்கு நடந்ததை விரிவாக எழுதவேண்டும்.

காலையில் பிரேயருக்கு முன்னாலேயே செல்வகனி டீச்சர் என்னைத் தேடி வந்தார். பிளஸ் டூவுக்குத் தாவரவியல் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச்சுக்குப் போய்விட்டு, அப்படியே தகர டப்பாவோடு பாறை, குளம் என்று செடி தேடிப் போய்விடுவார். ஸ்டாஃப் ரூமில் ‘புல்லு பொறுக்கப் போறாங்க’ என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

“சார், ஒரு உதவி. நேத்து ஆனைப்பாறையில ஒரு செடி கிடைச்சுது. என்ன செடின்னு எந்தப் புத்தகத்திலயும் பிடிபடல. பூ காலையில விரிஞ்சு பத்து பத்தரைக்கெல்லாம் சுருங்கிருது. எனக்கோ விழா வேலை தலைக்கு மேல கெடக்கு. நீங்க வரைஞ்சு தருவீங்களா?”

என்னை எதையாவது எழுதச் சொல்வார்கள், ஒட்டச் சொல்வார்கள், தெர்மாகோல் வெட்டச் சொல்வார்கள். இந்தப் பள்ளியில் ஒருவர் என்னை வரையச் சொன்னது இன்றைக்குத்தான். பேனர் கட்டும் வேலையைப் பியூனிடம் தள்ளிவிட்டு லேபுக்குப் போனேன்.

பூ ஒரு மிளகளவு இருக்கும். வெளிர் ஊதா. டீச்சர் அதை ஊசியால் விரித்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தார். வெளியே மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எத்தனை மகரந்தத்தாள்னு சொல்லிட்டுப் போங்க டீச்சர். அதுக்குத் தக்கன போட்டிருதேன்” என்றேன்.

“நான் சொன்னா, நான் சொன்னதத்தான் போடுவீங்க. பாத்து வரைங்க சார்” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

குனிந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் பென்சிலைத் தொடவே தோன்றவில்லை. அந்த மிளகுக்குள் அவ்வளவு இருந்தது. இதழின் உள்புறம் முழுக்கச் சின்னச் சின்ன ரோமம். இதழுக்கும் இதழுக்கும் நடுவே ஒரு மகரந்தத்தாள். ஒன்று உள்பக்கமாக வளைந்திருந்தது. அதன் பக்கத்திலிருந்தது அதைவிடக் குட்டை. ஒன்றின் தலையில் மகரந்தம் வெடித்துச் சிதறியிருந்தது, இன்னொன்று இறுக மூடியிருந்தது. ஊதா என்று நினைத்தது ஊதாவே இல்லை. வெள்ளையில் ஊதாக் கோடுகள். நான் கண்ணை வைத்துக்கொண்டு இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இருந்தது.

மேலே இரண்டு இதழ்களுக்கு நடுவில் மட்டும் இடம் காலியாக இருந்தது. பந்தியில் எல்லாருக்கும் இலை போட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் விட்டுப்போனமாதிரி. படம் முடிந்தபின் தூரத்தில் வைத்துப் பார்த்தால் கண் நேரே அங்கேதான் போனது. பிள்ளைகளுக்கு டிசைன் சொல்லித்தரும்போது முதலில் சொல்வதே அதுதான்: ஒரு பக்கம் ஓட்டையாக இருந்தால் டிசைன் நிற்காது. சரிசெய்தேன்.

பன்னிரண்டு மணிக்கு டீச்சர் மூச்சு வாங்க வந்தார். பூ நூல்போலச் சுருண்டுவிட்டது. படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். “சார், நான் பாத்ததவிட நீங்க அதிகமா பாத்திருக்கீங்க” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நவம்பர் 15

அரிசி மில். சைக்கிள் பஞ்சர். லேப் பக்கம் இரண்டு தடவை போனேன், வேலை ஒன்றுமில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

டீச்சர் இன்னொரு பூ எடுக்கவேண்டும் என்றார். விரித்து வைத்துப் பார்த்தால் முடிவாகத் தெரியுமாம். நானும் வருகிறேன் என்று பஸ் ஏறினேன். மூன்று நாள் அடித்த மழையில் ஆனைப்பாறை மேலிருந்து தண்ணீர் அருவியாக இறங்கியிருக்கிறது. அந்தச் செடி இருந்த இடத்தில் பாறை கழுவிவிட்டதுபோல் கிடந்தது. ஒன்றுகூட இல்லை. டீச்சர் முட்டளவு தண்ணீரில் இறங்கிச் சேலை நனையத் தேடினார். நல்லவேளை, போன வாரமே இரண்டு செடிகளை வேரோடு எடுத்துக் காயவைத்திருக்கிறாராம். மொட்டும் இருக்கிறதாம்.

எனக்கும் வருத்தம்தான். திரும்பும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

டிசம்பர் 2, வெள்ளி

இன்றைக்கு இடைவேளையில் டீச்சர் தடிமனான புத்தகம் ஒன்றோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். எல்லாருக்கும் நடுவில் என் மேஜையில் அதைத் திறந்து, பக்கத்தில் என் படத்தை வைத்தார்.

“சார், பேரினம் பிடிபட்டுட்டு. இதுகளுக்கு எப்பவும் அஞ்சு இதழ், நாலு தாள். அஞ்சாவது தாள் கிடையாது. எந்தச் செடியிலயும் கிடையாது. நம்ம செடியில அஞ்சு இருக்கு. உங்க படத்தப் பாத்துதான் கண்டுபிடிச்சேன்.”

நான் சரிசெய்த இடத்தைப் பார்த்தேன். தமிழ் வாத்தியார் எழுந்து வந்தார். கணக்கு வாத்தியார் எழுந்து வந்தார். அப்படியென்றால் என்ன என்று கேட்டார்கள். இதுவரை யாரும் எழுதிவைக்காத செடியாக இருக்கலாம் என்றார் டீச்சர்.

பிறகு மற்ற விஷயத்தையும் சொன்னார். பாளையங்கோட்டையில் மாசிலாமணி என்று ஒரு பேராசிரியர். செடிகளில் அவர் சொன்னால் மறுபேச்சில்லை. எம்.எஸ்சி. முடித்த காலத்திலிருந்து அவரிடம் ஆராய்ச்சி செய்ய டீச்சருக்கு ஆசை. கல்யாணம், பிள்ளைகள், மாமியார் என்று தள்ளிப்போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்க் கேட்டபோது, ‘ஏதாவது ஒண்ணக் கையில கொண்டுட்டு வாங்க, பேசுவோம்’ என்றாராம். வருகிற ஜூனில் அவர் ரிட்டையர் ஆகிறார். அதற்குள் ஒரே ஒரு மாணவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

“இத விட்டா எனக்கு இனிமே கிடையாது சார்” என்றார் டீச்சர்.

கணக்கு வாத்தியார் என் தோளில் தட்டி, “மாஸ்டர், இனிமே சத்தியமா உங்க பீரியட எடுக்க மாட்டேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்று உதிர்ந்திருக்கலாம். டீச்சர் ஊசியால் விரிக்கும்போது ஐந்தாவது உதிர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் நான் உண்மையைத்தான் வரைந்திருக்கிறேன்.

டிசம்பர் 4, ஞாயிறு

பகவதி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவியிடம் எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. “ஒரு ஸ்கூல்ல ஒரு டிராயிங் மாஸ்டர். ஒரு பூவ வரைஞ்சாராம். அழகுக்காக ஒண்ணு கூட வச்சுட்டாராம். அத நம்பி இன்னொருத்தங்க பெரிய காரியத்துல இறங்கிட்டாங்களாம். அவரு என்ன செய்யணும்?” என்று கேட்டேன்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். “அந்த மாஸ்டர் நீங்கதான?”

“யாரா இருந்தா என்ன?”

“நாளைக்கே போயி சொல்லிருங்க. ஒத்த வார்த்த. அதுக்குப் போயி ரெண்டு நாளா உறக்கமில்லாமப் புரண்டுக்கிட்டுக் கெடக்கிய.”

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் 5

ஒன்பதாம் வகுப்பில் முழுசாக நாற்பத்தைந்து நிமிஷம் பாடம் எடுத்தேன். கணக்கு வாத்தியார் சொன்னபடி வரவில்லை. பிள்ளைகளுக்கு நிழல் போடச் சொல்லித் தந்தேன். எவ்வளவு நாளாயிற்று.

டீச்சரைப் பார்க்க நேரமில்லை.

டிசம்பர் 9, வெள்ளி

பார்த்தேன். அவர் முந்திக்கொண்டார். பேராசிரியருக்குக் காய்ந்த செடி ஒன்றோடு தன் குறிப்பையும் படத்தையும் அனுப்பவேண்டும், பென்சிலில் போட்டதை இந்தியன் இங்கில் பெரிதாகப் போட்டுத் தாருங்கள் என்றார். நல்ல வழவழப்பான அட்டை வாங்கி வைத்திருந்தார்.

இதுதான் சமயம் என்று எனக்கே தெரிந்தது. யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். புதுப் படத்தில் ஐந்தாவதை விட்டுவிட்டு, ‘பென்சில் படத்துல கை தவறிட்டு டீச்சர்’ என்று சொன்னால் முடிந்தது. வீட்டுக்கு அட்டையைக் கொண்டுவந்து விளக்கடியில் உட்கார்ந்தேன். நாலையும் போட்டேன். மேலே காலியிடம். பேனாவை மூடி வைத்தேன். தண்ணீர் குடித்தேன். அட்டையின் கீழ் ஓரத்தில் டீச்சர் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘படம்: ச. ஆவுடையப்பன்.’ அச்சில் வருமாம்.

ஐந்தாவதையும் போட்டேன். முதல் தடவை போட்டதைவிட அழகாகவே வந்தது.

முதல் தடவை கை செய்தது. இந்தத் தடவை நான் செய்தேன். இதை எழுதும்போது காது மடல் சுடுகிறது. எழுதாமல் இருந்தால் மட்டும் இல்லையென்று ஆகிவிடாது.

டிசம்பர் 24

அரையாண்டுப் பரீட்சை முடிந்தது. செல்வகனி டீச்சர் கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்தனுப்பியிருக்கிறார். முறுக்கும் அச்சுமுறுக்கும். பகவதி என் முன்னால் தட்டை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

1995 ஜனவரி 6, வெள்ளி

பேராசிரியர் பதில் எழுதிவிட்டார். ஐந்து தாள் உண்மையென்றால் டீச்சரை மாணவியாக எடுத்துக்கொள்கிறாராம். பொங்கல் கழித்து நேரில் வருகிறாராம். டீச்சர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போகாத குறை. என்னிடம் வந்தபோது இரண்டு கையையும் கூப்பினார். அவரைவிட நாலைந்து வயது மூத்தவன் என்பதால் செய்தாரோ என்னவோ. எனக்கு அந்த இடத்திலிருந்து ஓடிப்போகவேண்டும்போல இருந்தது.

“மொட்டு இருக்கே டீச்சர், அதப் பிரிச்சு ஒரு தடவை பாத்திரலாமே” என்று கேட்டேன். அவ்வளவு தூரம் வரத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது.

“எதுக்கு சார், நீங்கதான் பாத்தாச்சே” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 15

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. வாசலுக்குக் கோலம் வரைந்துதரச் சொல்லி எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 21, சனி

பேராசிரியர் மாசிலாமணி பஸ்ஸில் வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளை வேட்டி, தோளில் ஜோல்னாப்பை. பள்ளி விடுமுறை. லேபில் நாங்கள் மூன்று பேர்தான். டீச்சர் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்திருந்தார். புதுச் சேலை.

பேராசிரியர் என் படத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். “நல்ல கை” என்றார். பிறகு ஸ்பிரிட் விளக்கை ஏற்றச் சொன்னார். ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் கொதித்தது. டீச்சர் அனுப்பிய காய்ந்த செடியிலிருந்து மொட்டு ஒன்றைக் கிள்ளி அதில் போட்டார்.

“காஞ்ச பூவ வெந்நியில போட்டா திரும்ப மெதுவாயிரும். பிரிச்சுப் பாத்திரலாம்” என்று எனக்காக விளக்கினார். டீச்சருக்கு அது தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான்.

நான் ஜன்னலோரம் நின்றேன். இப்போது சொல்லிவிடலாம். தண்ணீர் கொதிக்கும்போது சொல்லலாம். மொட்டை வெளியே எடுக்கும்போது சொல்லலாம். அவர் ஊசியை எடுத்தபோது வாயைக்கூடத் திறந்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். நிதானமாக ஊசியை நகர்த்தினார். இன்னொரு மொட்டை எடுத்துப் போட்டார். அதையும் பார்த்தார். “வந்து பாருங்க” என்று டீச்சரைக் கூப்பிட்டார்.

டீச்சர் பார்த்தார். நிமிரவே இல்லை.

“நாலு” என்றார் பேராசிரியர். “ஒண்ணு உதிந்திருந்தா அது இருந்த தடம் இருக்கும். தடமும் இல்ல. இது எல்லாக் குளத்தங்கரையிலயும் கெடக்கிற செடிதான். கொஞ்சம் வளத்தி குறைவு, அவ்வளவுதான். நீங்க எழுதின குறிப்புல ‘ஐந்து தாள்கள் காணப்பட்டன’ன்னு இருக்கே. யாரு பாத்தது?”

அந்தக் கேள்வி எனக்குரியது. நான் நின்ற இடத்துக்கும் அவர் நின்ற இடத்துக்கும் நடுவே நாலடி இருக்கும். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நான் எண்ணினேன் சார்” என்றார் செல்வகனி டீச்சர். “தப்பா எண்ணிட்டேன்.”

“எண்ணினீங்களா?”

“எண்ணினேன்.”

பேராசிரியர் விளக்கை அணைத்தார். கோபமாகப் பேசவில்லை. “நம்ம வேலையே எண்ணுததுதான் டீச்சர். நாலுக்கும் அஞ்சுக்கும் தடுமாறினா இந்த ஆராய்ச்சி உங்களுக்கு ஆகாது. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க” என்றார். காப்பியைக் குடித்தார். அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

டீச்சர் கிண்ணத்தைக் கழுவி வைத்தார். “வாரேன் சார்” என்று என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்.

அவர் என்னைக் காப்பாற்றிவிட்டார். ஒரு பெண்பிள்ளை பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். என்னைப்போல் ஒரு கேவலமானவனை நான் பார்த்ததில்லை.

ஜனவரி 23

ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். டீச்சர், “வேற செடி சார், தப்பாயிட்டு” என்று முடித்துக்கொண்டார். யாரோ ‘புல்லு’ என்று முணுமுணுத்ததும் அறையில் சிரிப்பு எழுந்தது. கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்து, “நீங்க வரைஞ்சது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு மாஸ்டர்” என்றார்.

ஜனவரி 29, ஞாயிறு

பாளையங்கோட்டைக்குப் போனேன். பகவதி டிபன் கட்டிக்கொடுத்தாள். எங்கே என்று கேட்கவில்லை.

பேராசிரியர் வீட்டு மாடியில் உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். காலியிடத்தைச் சொன்னேன். இங்கில் மறுபடி போட்டதைச் சொன்னேன். ஜன்னல் கம்பியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல நெஞ்சில் பாரம் இறங்கியது. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. டீச்சர் மேல் தப்பே இல்லை, அவர் எண்ணவே இல்லை, என் படத்தை நம்பித்தான் எழுதினார், எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்று முடித்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அவங்க எண்ணவே இல்லையா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“தப்பா எண்ணினவங்களுக்கு எண்ணச் சொல்லிக்கொடுக்கலாம் மாஸ்டர். நானே வருத்தப்பட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், கொஞ்சம் கடுமையா சொல்லிட்டமோன்னு. எண்ணாமலே எண்ணினேன்னு எழுதிக் கொடுத்திருக்காங்கன்னா அது வேற. அதுவும் என் முகத்தப் பாத்து ரெண்டு தடவை சொன்னாங்க.”

நான் கெஞ்சினேன். என்ன சொல்லிக் கெஞ்சினேன் என்று எழுத மனமில்லை. அவர் உள்ளே போய் என் படத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“இங்க பாருங்க. இது வளைஞ்சிருக்கு. இது குட்டை. இது வெடிச்சிருக்கு. இது மூடிக்கெடக்கு. நாலும் நாலு விதம். பாத்து வரைஞ்சது. இந்த அஞ்சாவது மட்டும் அச்சடிச்ச மாதிரி நேரா நிக்கி. தபால்ல பிரிச்ச அன்னைக்கே எனக்கு இது இடிச்சுது. ஆனாலும் இருந்திரக்கூடாதான்னு ஒரு ஆசை. அதான் பஸ் ஏறி வந்தேன். எனக்கே இடிச்சுதுன்னா, அந்தம்மாவுக்கு இடிச்சிருக்காதா?”

கீழே யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கும்போது சொன்னார்:

“மார்ச் முடிய இடம் காலியாத்தான் இருக்கும். எந்தச் செடியா இருந்தாலும் சரி. அவங்களே பிரிச்சு, அவங்களே எண்ணி, அவங்களே வரைஞ்சு கொண்டு வரட்டும். கோணலா இருந்தாலும் பரவாயில்ல. உங்க கை அதுல படக்கூடாது.”

ஜனவரி 30, திங்கள்

பள்ளி விட்டபிறகு லேபில் டீச்சரிடம் சொன்னேன். பாளையங்கோட்டைக்குப் போனது, சொன்னது, பேராசிரியர் கேட்டது.

“உங்கள யாரு சார் போகச் சொன்னா?”

நான் மேஜையிலிருந்த ஸ்பிரிட் விளக்கைத் தள்ளி வைத்தேன்.

“உங்க மனசு லேசாயிட்டு. எனக்கு? தப்பா எண்ணுனவன்னு இருந்தேன். இப்ப பொய் சொன்னவ. என்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா?”

“நீங்க எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டீங்க. அதைப் பொறுத்துக்கிட்டு என்னால இருக்க முடியல டீச்சர்.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை.

“உங்களுக்காகன்னா நெனச்சீங்க? டிசம்பர்ல ஒரு நாள் சாயங்காலம் மொட்ட எடுத்து இந்த மேஜையிலதான் வச்சேன். ஊசியும் எடுத்தேன். நாலா இருந்திருமோன்னு பயம் வந்துட்டு. திரும்ப எடுத்து வச்சிட்டேன். எண்ணாம எழுதினது அவருக்குத் தெரியக்கூடாதுன்னுதான் எண்ணினேன்னு சொன்னேன். நீங்க ஜன்னல்ட்ட நிக்கதே எனக்கு ஞாபகம் இல்ல.”

இரண்டு மாதமாக நான் என் வெட்கத்தை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதே மேஜையில் இன்னொருவர் அதையேதான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். அவருக்கும் தெரியாமல் எனக்கும் தெரியாமல் நாங்கள் ஒருவருக்கொருவர் உதவி செய்திருக்கிறோம். அதை நினைக்க இன்னும் கேவலமாக இருக்கிறது.

கடைசியில் பேராசிரியர் வைத்த நிபந்தனையைச் சொன்னேன். டீச்சர் பூட்டை எடுத்துக்கொண்டு, “எனக்கு ஒரு நேர்கோடு போட வராது” என்றார்.

பிப்ரவரி 3

டீச்சர் பேசவில்லை. நானும் போகவில்லை.

பிப்ரவரி 8

ஒன்பதாம் வகுப்புப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டார். மார்ச்சில் பரீட்சையாம். தாராளமாக என்றேன்.

பிப்ரவரி 11, சனி

காலையில் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். செல்வகனி டீச்சர் ஆளனுப்பினார். லேபுக்குப் போனேன்.

குளத்தங்கரையில் பறித்த ஏதோ ஒரு வெள்ளைப்பூவை விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் வெள்ளைத்தாள், பென்சில், ரப்பர். ரப்பர் தூள் மேஜை முழுக்கச் சிதறிக்கிடந்தது. கூடையில் கசக்கிப் போட்ட தாள்கள் நிறையக் கிடந்தன. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“எப்படிப் போடணும்னு மட்டும் சொல்லுங்க சார். வாயால சொன்னா போதும்” என்றார்.

நான் ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டேன். அவர் ஒரு கோடு போட்டார். அது நடுங்கி, போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் வெளியே சரிந்தது. என் வலதுகை தானாகவே மேஜைக்கு வந்துவிட்டது. பென்சிலைத் தொடவில்லை. தொடுவதற்கு இரண்டங்குலம் இருந்தது.

டீச்சர் கையை நிறுத்தினார். என் கையைப் பார்த்தார். பிறகு, கிளாஸில் தொந்தரவு செய்யும் பிள்ளையிடம் சொல்வதுபோல, கடுப்பில்லாமல் சொன்னார்:

“நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிடுங்க சார்.”

ஸ்டூலைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் பென்சில் தாளில் உராயும் சத்தம் கேட்டது. நின்றது. ரப்பர் சத்தம். மறுபடி பென்சில்.

“ரெண்டு கோட்டுக்கு நடுவுல இடைவெளி எவ்வளவுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுதது?”

“பென்சிலக் கண்ணுக்கு நேரா நீட்டிப் பிடிங்க. கட்டை விரலால அளந்துக்கோங்க. அந்த அளவ வச்சு மத்தத ஒப்பிட்டுப் பாருங்க” என்று சுவரிடம் சொன்னேன்.

“சரி.”

அதன்பிறகு அவர் எண்ண ஆரம்பித்தார். முதலில் மனசுக்குள் எண்ணியிருப்பார்போல, பிறகு வாய்விட்டு. “ஒண்ணு. ரெண்டு. மூணு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. “ஒண்ணு. ரெண்டு.” நான் திரும்பவில்லை. மத்தியான மணி அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.